வலப்பக்கம் பூச்சியம்

ஜனவரி 7, செவ்வாய்

காலையில் மோட்டார் ஓடவில்லை. கோமளா பக்கத்து வீட்டில் நாலு குடம் பிடித்து வந்தாள். மெக்கானிக்குக்குச் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போக நேரமாகிவிட்டது.

ஜெசிந்தா மிஸ்ஸுக்கு இன்றும் நாளையும் விடுப்பு. சொந்த ஊரான நாசரேத்தில் அவருடைய அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. பன்னிரண்டாம் வகுப்பில் ஏ பிரிவுக்கு நான் கணக்கு எடுக்கிறேன். பி பிரிவு, ஜூனில் சேர்ந்த அவருடையது. மாற்று ஆசிரியராக இன்று பி பிரிவுக்குப் போனேன்.

(x − 1)³(x − 6)² என்ற சார்புக்கு இடஞ்சார்ந்த பெருமம் காணும் கணக்கு பாதியில் நின்றிருந்தது. "மிஸ் இத ரெண்டு பக்கம் போடுவாங்க சார்" என்றான் முன்வரிசைப் பையன். மூன்று வரியில் போட்டுக் காட்டினேன். வகையிட்டால் இரண்டு உறுப்புகள். இரண்டிலும் இருக்கும் (x − 1)²(x − 6) என்ற பொதுக்காரணியை வெளியே எடுத்தால் உள்ளே மிஞ்சுவது 5x − 20. "வலப்பக்கம் பூச்சியம். வெளியே எடுத்ததால ரெண்டு பக்கமும் வகுத்து அடிச்சிருங்க" என்றேன். x = 4. பெருமம் அங்கேதான். பிள்ளைகள் கைதட்டினார்கள். இந்த வயதில் கைதட்டல் கேட்டால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கடைசி வரிசையில் ஒரு மாணவி சந்தேகம் கேட்க எழுந்தாள். அதற்குள் மணி அடித்துவிட்டது.

மோட்டாரில் கம்பிச்சுருள் எரிந்துவிட்டதாம். மெக்கானிக் கழற்றி எடுத்துப் போயிருக்கிறார்.

ஜனவரி 9, வியாழன்

ஜெசிந்தா வந்துவிட்டார். அம்மாவுக்கு நல்லபடியாக முடிந்ததாம். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தார். என் மேசையருகே நின்று, "பி செக்ஷன்ல என்ன சார் நடத்துனீங்க?" என்று கேட்டார்.

"ரிவிஷன்தான் மிஸ்."

"பிள்ளைங்க மூணு வரியில போட்டுறலாம்னு சொல்லுதாங்க."

அவர் பேச்சில் தென்மாவட்ட வாடை உண்டு. பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் 'சொல்லுதாங்க, வருதாங்க' என்று பேசிக் காட்டுவார்கள். அவருக்கும் அது தெரியும்.

"பெருமம் மட்டும் கேட்டா அது போதும் மிஸ். டைம் மிச்சம்" என்றேன்.

"காமன் எடுத்தத அடிக்கக் கூடாதுன்னு நான் சொல்லி வச்சிருந்தேன் சார். அதான் கேட்டேன்."

அந்தக் கணக்கில் பெருமம் மட்டும்தான் கேட்டிருந்தது. என் விடை சரி. அதில் தவறு என்று யாரும் சொல்ல முடியாது.

ஜனவரி 13, திங்கள்

விடுமுறை. வீட்டுக்கு வெள்ளையடித்தேன். தோள் வலி.

ஜனவரி 21, செவ்வாய்

முதல் திருப்புதல் தேர்வு, கணக்கு. ஐந்து மதிப்பெண் பகுதியில் (x + 2)³(x − 3)² சார்புக்கு இடஞ்சார்ந்த பெருமம், சிறுமம் அனைத்தும் காண்க என்று கேட்டிருந்தேன். வினாத்தாளை டிசம்பரிலேயே எழுதிக் கொடுத்து அச்சாகிவிட்டது. பி பிரிவுக்கு நான் போனது அதற்கு அப்புறம்தான். இதைக் குறித்து வைக்கிறேன்.

தேர்வறையில் மேற்பார்வைக்கு நடந்துகொண்டிருந்தபோது ஒரு பையன் என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினான். நன்றி சொல்வது போல.

ஜனவரி 23, வியாழன்

எங்கள் பள்ளியில் தாள்களை மாற்றித்தான் திருத்துவோம். என் பிரிவுத் தாள்கள் ஜெசிந்தாவிடம், அவர் பிரிவுத் தாள்கள் என்னிடம். தன் பிள்ளைகளுக்குத் தானே மதிப்பெண் போடக் கூடாது என்று தாளாளர் கொண்டு வந்த வழக்கம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் கட்டைப் பிரித்தேன். நாலாவது தாளில் அந்த மூன்று வரி இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. பிறகு வரிசையாக. பல கையெழுத்துகள், ஒரே வாசகம்: 'வலப்பக்கம் பூச்சியம் என்பதால் பொதுக்காரணியை வகுக்க.' பிறகு 5x − 5 = 0, x = 1, பெருமம். அத்தோடு விடை முடிகிறது. x = 3 இல் இருக்கும் சிறுமம் அவர்களில் ஒருவரிடமும் இல்லை. அடித்த காரணியோடு அதுவும் போய்விட்டது.

விடைக்குறிப்பு நான் எழுதியதுதான். தீர்வுகளைத் தொலைத்தால் ஐந்துக்கு இரண்டு. இரண்டு இரண்டாகப் போட்டுக்கொண்டே போனேன். ஒரு தாளில் மூன்று போட்டுவிட்டு, பிறகு அடித்து இரண்டாக்கினேன். ஒருவருக்குப் போட்டால் எல்லோருக்கும் போட வேண்டும். எல்லோருக்கும் போட்டால் ஏன் என்று கேள்வி வரும்.

பத்துப் பதினோரு பேர்தான் முழுதாகச் செய்திருந்தார்கள். அதில் பூவிழி என்ற பெண்ணின் விடை இரண்டு பக்கம். மூன்று காரணிகளையும் தனித்தனியே பூச்சியமாக்கி, குறிகளுக்கு அட்டவணை போட்டு, ஜெசிந்தா நடத்துவது போலவே. ஐந்துக்கு ஐந்து கொடுத்தேன். கடைசி வரிசைப் பெண் அவள்தான்.

வரும் வழியில் வண்டி பஞ்சர்.

ஜனவரி 27, திங்கள்

தேர்வு முடிவு ஆய்வுக் கூட்டம். தாளாளர் பொன்னுரங்கம் அறையில் ஒவ்வொருவராக எழுந்து நின்று தங்கள் பிரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வினா வாரியாகக் கேட்பார். எந்த வினாவில் அதிகம் பேர் சறுக்கினார்கள், ஏன் என்று.

ஏ பிரிவுக்குப் பாராட்டு. பி பிரிவுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"முப்பத்தோரு பேரு ஒரே தப்புங் மிஸ். காப்பியடிச்சாக்கூட இத்தன ஒத்துமையா வராதுங்."

அறையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜெசிந்தா, "நான் அப்படிச் சொல்லிக் கொடுக்கலை சார்" என்றார்.

"அப்ப யாருங் சொல்லிக் குடுத்தா? புள்ளைங்க கனவுல வந்து யாராச்சும் நடத்திட்டுப் போனாங்களா?"

மறுபடியும் சிரிப்பு. ஜெசிந்தா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பேருந்து வருகிறதா என்று சாலையைப் பார்ப்பது போல ஒரு பார்வை. நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"செங்கோட்டுவேல் சார், என்னங் பண்ணலாம்?" என்று தாளாளர் என்னைக் கேட்டார்.

"பப்ளிக் எக்ஸாமுக்கு இன்னும் நாளிருக்குதுங்க. சரி பண்ணிரலாம்" என்றேன்.

"அப்ப நீங்களே பண்ணிருங். பி செக்ஷனும் நீங்க எடுத்துக்கங்க. மிஸ் எட்டாவதுக்குப் போகட்டும்."

நான் சொன்ன பதிலில் பொய் எதுவும் இல்லை.

ஜனவரி 28, செவ்வாய்

பி பிரிவில் முதல் வகுப்பு. அதே கணக்கை எடுத்து, பொதுக்காரணியை வெளியே எடுத்தாலும் அடிக்கக் கூடாது, அதையும் பூச்சியமாக்கிப் பார்க்க வேண்டும் என்று நடத்தினேன். பூச்சியமாக வாய்ப்புள்ள ஒன்றால் வகுக்க முடியாது என்றும் சொன்னேன். முன்வரிசைப் பையன் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு எழுதினான். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. வகுப்பு நடத்துகிறவனுக்கு இவ்வளவு அமைதி நல்லதில்லை.

பூவிழி தலைநிமிர்ந்து கரும்பலகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 30, வியாழன்

எட்டாம் வகுப்பைத் தாண்டித்தான் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். சுற்றிக்கொண்டு போனேன்.

பிப்ரவரி 3, திங்கள்

தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். டீ வரவழைத்தார். பி பிரிவுப் பிள்ளைகள் தேறிவிட்டார்களா என்று விசாரித்தார். பிறகு, "அந்த மிஸ்ஸ அடுத்த வருசத்துக்கு வெச்சுக்கலாமுங்களா? அவங்க பாப்பா இங்கயே மூணாவது படிக்குது. எனக்கும் சங்கடந்தான். ஆனா கணக்குல அடிப்படையே தப்புன்னா என்ன பண்றதுங்? உங்க வார்த்தைதான் சார். வேண்டாம்னா வேண்டாம்" என்றார்.

"யோசிச்சுச் சொல்றேங்க."

"யோசிக்க என்னங் இருக்குது. சரி, வெள்ளிக்கிழம சொல்லுங்."

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று சுற்றிக்கொண்டு போகவில்லை. ஜெசிந்தா எட்டாம் வகுப்பு வாசலில், சாக்பீஸ் தூசி படிந்த கையைத் தட்டிக்கொண்டு நின்றார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "எட்டாவது எப்படிப் போகுது மிஸ்?" என்றேன்.

"காமன் எடுக்கதுதான் நடத்துதேன் சார்."

நகரப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"கூட்டத்துல நான் ஏன் உங்க பேரச் சொல்லலைன்னு நீங்க கேக்கவே இல்லையே."

"மிஸ், அது..."

"ஊர்லருந்து வந்த அன்னைக்கே பிள்ளைங்க சொல்லிட்டாங்க. மறுநாளே திருத்திச் சொன்னேன். 'பெரிய சாரே அடிக்கச் சொல்லிட்டாரு, கொஸ்டின் பேப்பரும் அவருதான் எடுக்காரு'ன்னு சிரிக்காங்க. ஜூன்ல வந்தவ நான். என் பேச்சு எப்படி எடுபடும்?"

"அப்ப கூட்டத்துல சொல்லியிருக்கலாமே" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன் சார்" என்றார். பிறகு வகுப்புக்குள் போய்விட்டார்.

பிப்ரவரி 5, புதன்

கோமளாவிடம் சொன்னேன். முழுவதும் இல்லை, கூட்டம் வரைக்கும். அவள் இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். வகுத்தது, அடித்தது எதுவும் அவளுக்குப் பொருட்டாகப் படவில்லை.

"எல்லாரும் சிரிச்சப்ப நீங்களும் சிரிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"ம்."

அதற்கப்புறம் அரிசியைத்தான் பார்த்தாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

தாளாளரிடம் சொல்லிவிட்டேன்.

உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. "பி செக்ஷன்ல அந்தக் கணக்க அப்படிப் போட்டுக் காட்டினது நான்தாங்க. மிஸ் லீவுல இருந்த அன்னிக்கு. அவங்க மேல தப்பே இல்லைங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"உங்க மனசு யாருக்கு வருமுங் சார். அந்தப் புள்ளைக்காக உங்க தலைமேல இழுத்துப் போட்டுக்கறீங்க பாருங்."

"இல்லைங்க, நெசமாவே..."

"பத்தொம்பது வருசமா உங்களப் பாக்கறேனுங். உங்க போர்டுல ஒரு தப்பு இருந்ததா ஒருத்தரு சொன்னதில்ல. இந்தக் காரணி விசயத்துல நீங்களாங் தப்புப் போடுவீங்க? சரி, நீங்க இத்தன சொல்றதால இன்னொரு மாசம் பாக்கறேன். அதுக்கு மேல கேக்காதீங்க."

வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது. சொல்லியும் ஆயிற்று, பெயரும் கெடவில்லை. முன்னைவிட நல்ல பெயர்.

வீட்டில் சொன்னபோது கோமளா, "அந்த மிஸ்ஸுக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

இன்னொரு மாசம், என்றேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மோட்டார் வந்துவிட்டது. மாட்டினேன். தண்ணீர் ஏறுகிறது.

அறைக்கு வந்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தேவையில்லை, மனப்பாடம்தான். வகுத்தாலும் வகுக்காவிட்டாலும் x = 4 வந்துவிடுகிறது. அதுதான் இதில் உள்ள வசதி. பெருமம் கிடைத்துவிட்டால் சிறுமத்தை யார் தேடப் போகிறார்கள்.

பிப்ரவரி 10, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இரண்டாம் பாடவேளை, பி பிரிவு. வகுப்பு முடிந்ததும் பூவிழியை இருக்கச் சொன்னேன்.

"பூவிழி, நான் மிஸ்ஸுக்குப் பதிலா வந்த அன்னிக்கு நடந்தத கரஸ்பாண்டண்ட்கிட்ட வந்து சொல்லுவியா?"

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "எதச் சொல்லணும் சார்?"

"நடந்தத."

"எல்லாத்தையுமா?"

அவள் கேட்டதன் பொருள் எனக்குப் புரிந்தது. அப்போதுகூட, போர்டில் போட்டதை மட்டும் சொன்னால் போதும் என்று வாய்வரை வந்தது.

"எல்லாத்தையும்" என்றேன்.

தாளாளர் அறைக்குப் போகும் வழியில் எட்டாம் வகுப்பில் நின்று ஜெசிந்தாவையும் வரச் சொன்னேன். அவர் சாக்பீஸை வைத்துவிட்டு வந்தார்.

தாளாளர் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, "மறுபடியும் அதேதானுங்களா?" என்றார்.

"புள்ள சொல்லட்டுங்க" என்றேன்.

பூவிழி நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். சத்தம் கம்மி, ஆனால் தடுமாறவில்லை.

"சார் பொதுக்காரணிய வெளிய எடுத்துட்டு, வலப்பக்கம் பூச்சியம், அடிச்சிருங்கன்னாங்க சார். எல்லாரும் எழுதிட்டாங்க. நான் எந்திரிச்சு, அந்த x = 6 என்ன ஆச்சுன்னு கேட்டேன். மிஸ் அதுல சிறுமம் வரும்னு சொல்லிருந்தாங்க." அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லும்மா."

"சார், 'உங்க மிஸ் மாதிரி ரெண்டு பக்கம் எழுதிட்டு ஹால்லயே தூங்கப் போறியா? உக்காரு'ன்னாங்க. அப்புறம், 'நான் சொல்லுதேன், நீ எழுதுதே'ன்னு மிஸ் மாதிரியே பேசிக் காட்டினாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அதான் கைதட்டினாங்க."

ஜெசிந்தா சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பேசினேன். அதை எழுதாமல் விட்டால் இத்தனை நேரம் எழுதியது வீண். நான் சொன்னது இது: "அப்ப பெல் அடிச்சிருச்சு இல்லம்மா? அதனாலதான உக்காரச் சொன்னேன்?"

"இல்ல சார்" என்றாள் பூவிழி. "அதுக்கப்புறம் இன்னொரு கணக்குப் போட்டீங்க."

ஆம். போட்டேன். மடக்கைச் சார்புக் கணக்கு. அவள் சொன்ன பிறகுதான் அது நினைவுக்கு வந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி இல்லை.

தாளாளர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொள்ளவில்லை. "நீ கிளாஸுக்குப் போ கண்ணு" என்றார் பூவிழியிடம். அவள் போன பிறகு என்னிடம், "வெள்ளிக்கிழம நான் என்னமோ உங்கள..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 12, புதன்

பி பிரிவு மறுபடியும் ஜெசிந்தாவிடம். பொதுத்தேர்வு நெருங்கிவிட்டதால் ஏ பிரிவு என்னிடமே இருக்கும். அத்துடன் எட்டாம் வகுப்பையும் நானே எடுக்க வேண்டும். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. என் மேசையருகே வந்து பேசுகிறவர்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக, வேறு எதையோ பேசுகிறார்கள்.

இடைவேளையில் ஜெசிந்தா எட்டாம் வகுப்புப் பாடநூலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"பயிற்சி பாதியில நிக்கு சார். ரெண்டு உறுப்புல நம்பர காமன் எடுக்கது முடிச்சிட்டேன். எழுத்து காமனா வர்றது இனிமேதான்."

"மிஸ், அன்னிக்கு நான் பேசிக் காட்டினது..."

"பிள்ளைங்க பேசிக் காட்டுவாங்க சார், அது தெரியும். அவங்க சின்னப் பிள்ளைங்க." அவர் நிறுத்தினார். "நீங்களும் செய்வீங்கன்னு நினைக்கல."

நான் மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். ஏற்றுக்கொண்டதற்கா, வேண்டாம் என்பதற்கா தெரியவில்லை.

"அடுத்த வருசம் உங்களக் கட்டாயம் வெச்சுக்குவாங்க மிஸ். நான் பேசிட்டேன்."

"ஊர்ப்பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல கேட்டிருக்கேன் சார். கூட்டம் முடிஞ்ச அன்னைக்கே கேட்டுட்டேன். அம்மாவுக்கும் பக்கமா இருக்கும்" என்றார். "பி செக்ஷன் காத்திருக்கு. வருதேன்."

அந்தக் கடைசிச் சொல்லை அவர் மாற்றிச் சொல்லப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

எட்டாம் வகுப்பு. சின்ன மேசைகள். கரும்பலகை கொஞ்சம் தாழ்வு, குனிந்து எழுத வேண்டியிருக்கிறது.

ax + 4a என்று எழுதினேன். காமன் எடுக்கச் சொன்னேன். ஒரு பெண் வந்து x + 4 என்று எழுதிவிட்டுச் சாக்பீஸை நீட்டினாள்.

"a எங்க?" என்றேன்.

"வெளிய எடுத்தாச்சே சார்."

"எடுத்தத எங்க வெச்ச?"

அவள் கரும்பலகைக்குக் கீழே தரையைப் பார்த்தாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அடைப்புக்குறி போட்டு, அதற்கு முன்னால் a எழுதச் சொன்னேன். எழுதினாள். அவள் எழுதியது வரியைவிட்டு மேலே ஏறியிருந்தது, ஆனால் இருந்தது.

சன்னலோரம் ஒருவன் எழுந்தான். "சார், இது முழுக்க பூச்சியம்னு சொன்னா x எவ்வளவுன்னு கண்டுபிடிக்கலாமா?"

"ம். மைனஸ் நாலு."

"அந்த a-யே பூச்சியமா இருந்தா?"

இது எட்டாம் வகுப்புப் பாடத்தில் இல்லை. சொல்லலாமா என்று நினைக்கையில் மணி அடித்தது. நிஜமாகவே அடித்தது. பிள்ளைகள் பைகளை எடுத்துவிட்டார்கள். கேட்டவனும் உட்காரப் போனான்.

"நில்லு" என்றேன். பதிலைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் சாக்பீஸை வைத்தேன்.